ஒன்று எங்கே? லிஸ்டோவல் வாக்குச்சீட்டு வழக்கு

ஒரு வாக்குச்சீட்டு. வேட்பாளர்களின் பெயர்கள் அகரவரிசையில் மேலிருந்து கீழாக அச்சாகியிருக்கின்றன. ஒவ்வொரு பெயரோடும் புகைப்படம், கட்சிக்காரர் என்றால் கட்சிச் சின்னம், ஓரத்தில் ஒரு காலிக் கட்டம். அந்தக் கட்டங்களில் விருப்ப வரிசைப்படி 1, 2, 3 என்று எண் போட வேண்டும். வாக்காளர் பென்சிலால் ஒரு கட்டத்தில் 4 என்று எழுதியிருக்கிறார். இன்னொன்றில் 5, மற்றொன்றில் 6. சீட்டில் வேறு குறி எதுவும் இல்லை. இவர் யாருக்கு வாக்களித்தார்?

நான்கு என்று எழுதப்பட்டவருக்குத்தான், இதில் என்ன சந்தேகம் என்று சொல்லத் தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. அயர்லாந்தில் 2014 உள்ளாட்சித் தேர்தலை நடத்திய அதிகாரிகளுக்கு வந்திருந்த வழிகாட்டுதலும் அப்படியே சொன்னது. அந்தத் தேர்தலில் கெர்ரி என்ற கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், லிஸ்டோவல் பகுதியில் ஒரு வேட்பாளர் இரண்டே வாக்குகளில் தோற்றார். அவர் இந்தக் கேள்வியை நாட்டின் உச்ச நீதிமன்றம்வரை கொண்டுபோனார். 2015 டிசம்பரில் தீர்ப்பு வந்தது: அது வாக்கே அல்ல.

வாக்குகளின் விகிதத்தில் இடங்களைத் தரும் விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம் எந்தக் கட்சிக்கு எத்தனை சதவீதம், எத்தனை இடம் என்றே பேசுகிறோம். அந்த முறை உண்மையில் நிற்கும் இடம் வேறு. ஒரு மனிதர் பென்சிலால் எழுதிய எண்ணை இன்னொரு மனிதர் எப்படிப் படிக்கிறார் என்பதில் அது நிற்கிறது. லிஸ்டோவல் வழக்கைப் போல அதைத் தெளிவாகக் காட்டும் வேறொன்றை நான் அறியேன்.

ஊர்

கெர்ரி, அயர்லாந்தின் தென்மேற்கு மூலை. வெளியூர்க்காரர்கள் பார்க்க வருவது தெற்கே உள்ள மலைகளையும் கில்லார்னி ஏரிகளையும். லிஸ்டோவல் இருப்பது வடக்கே, ஃபீல் ஆற்றங்கரையில். சுற்றிலும் மாட்டுப் பண்ணைகள், கரிச்சேற்று நிலங்கள். அவற்றைத் தாண்டினால் ஷானன் ஆற்றின் அகன்ற முகத்துவாரம். கரையில் உள்ள டார்பர்ட் என்ற சிற்றூரிலிருந்து அக்கரைக்குக் கார்களை ஏற்றிக்கொண்டு படகு போய்வருகிறது.

இங்கே கிராமம் என்றால் வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் தெரு என்று நினைத்துவிடக் கூடாது. சாலையோரம் ஒரு வீடு, அரைக் கிலோமீட்டர் தள்ளி இன்னொரு வீடு, வயலுக்கு நடுவே மூன்றாவது. வாக்குக் கேட்கப் போகிறவர் காரை நிறுத்தி, வாசற்கதவைத் திறந்து, நாயைச் சமாளித்து, ஐந்து நிமிடம் பேசிவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போக முடியும். பேச்சும் பெரிய கொள்கையைப் பற்றியதாக இருக்காது. குண்டும் குழியுமான சாலை, அடைத்துக்கொண்ட வடிகால், மகன் குடும்ப நிலத்தில் வீடு கட்டக் கேட்டிருக்கும் அனுமதி. ஐந்து மைலுக்கு அப்பால் இருக்கிற வேட்பாளர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் அந்தச் சாலையின் பெயர் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கவுண்டி மன்றங்கள் 1898-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்தவை. அன்றாட நிர்வாகம் தலைமை நிர்வாகி என்ற அதிகாரியின் கையில். உறுப்பினர்கள் வரவு செலவுத் திட்டத்தையும் நிலப் பயன்பாட்டு வளர்ச்சித் திட்டத்தையும் நிறைவேற்றுகிறார்கள். அதிகாரம் குறைவு என்பது உண்மைதான். ஆனாலும் நாடாளுமன்ற மேலவையின் 60 இடங்களில் 43 இடங்களைத் தேர்ந்தெடுப்போரில் பெரும்பான்மையினர் இந்த உள்ளாட்சி உறுப்பினர்களே. நான்கு மன்றங்கள் சேர்ந்து தீர்மானம் போட்டால் குடியரசுத் தலைவர் தேர்தலுக்கே ஒருவரை முன்மொழியலாம்.

2014 தேர்தல் ஒரு பெரிய மாற்றத்தோடு வந்தது. அந்த ஆண்டின் சீர்திருத்தச் சட்டம் நாட்டிலிருந்த 80 நகர மன்றங்களையும் ஒரே வீச்சில் ஒழித்தது. மொத்த உறுப்பினர் இடங்கள் 1,627-லிருந்து 949 ஆகச் சுருங்கின. லிஸ்டோவல் நகர மன்றமும் போனது. கெர்ரி கவுண்டி மன்றம் மட்டும் 27-லிருந்து 33 ஆகப் பெருத்து நான்கு தேர்தல் பகுதிகளாகப் பிரிந்தது. லிஸ்டோவல் பகுதிக்கு 7 இடங்கள்.

ஒரு வாக்கு எப்படி நகர்கிறது

அயர்லாந்தின் விகிதாசார முறைக்கு ஒற்றை மாற்று வாக்கு என்று பெயர். மாநிலங்களவைத் தேர்தலில் நம் சட்டமன்ற உறுப்பினர்கள் வாக்களிப்பது இதே வழியில்தான். வேறுபாடு ஒன்று: அங்கே வாக்களிக்கிற சில நூறு பேர் பழகிய அரசியல்வாதிகள். கெர்ரியில் அதே வேலையைப் பால்காரரும் ஓய்வுபெற்ற ஆசிரியையும் செய்கிறார்கள். அயர்லாந்தின் உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கக் குடியுரிமை தேவையில்லை, அங்கே வசிக்கும் வயதுவந்தவராக இருந்தால் போதும். ஆகவே கெர்ரியில் குடியிருக்கும் தமிழ்ச் செவிலியர் ஒருவரும் பெயரைப் பதிந்திருந்தால் இந்தச் சீட்டில் எண் போடலாம்.

செய்ய வேண்டியது எளிது. மிகவும் பிடித்தவருக்கு 1, அடுத்தவருக்கு 2, விரும்பும்வரை இப்படியே. இந்த எண்கள் மதிப்பெண்கள் அல்ல, பயண வழிகள். வாக்கு ஒன்றுதான். அது முதலில் 1 போட்டவரிடம் போய் உட்காருகிறது. அவருக்கு அது தேவைப்படாவிட்டால், அல்லது அவரால் அதைப் பயன்படுத்த முடியாவிட்டால், 2 போட்டவரிடம் போகிறது.

தேவைப்படாது என்று எப்போது சொல்வது? அதற்குத்தான் கோட்டா. செல்லும் வாக்குகளை, இடங்களின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டிய எண்ணால் வகுத்து, பின்னத்தை விட்டுவிட்டு, ஒன்றைச் சேர்க்க வேண்டும். கணக்குக்காக ஒரு கற்பனைப் பகுதியை எடுத்துக்கொள்வோம்: 7 இடங்கள், 16,000 செல்லும் வாக்குகள். எட்டால் வகுத்தால் 2,000. ஒன்று கூட்டினால் கோட்டா 2,001. எட்டுப் பேர் ஒரே நேரத்தில் 2,001 எடுக்க வாக்குகள் இருக்காது என்பதே இந்த எண்ணின் பொருள்.

ஒருவர் முதல் சுற்றிலேயே 2,401 வாங்கிவிட்டார் என்று வைப்போம். உபரி 400. அவருடைய 2,401 சீட்டுகளையும் இரண்டாவது விருப்பப்படி பிரித்தால் 1,200 சீட்டுகளில் ஒருவர் பெயரும், 600-இல் இன்னொருவர் பெயரும், 400-இல் மூன்றாமவர் பெயரும் இருக்கின்றன. மீதி 201 சீட்டுகளில் 1-க்குப் பிறகு எதுவும் இல்லை. உபரியான 400 வாக்குகள் அந்த மூவருக்கும் அதே விகிதத்தில், 218, 109, 73 என்று போகும். உபரிகள் தீர்ந்தால் கடைசியில் நிற்பவர் நீக்கப்படுவார். அவருடைய சீட்டுகள் எல்லாம் அவற்றில் எழுதியுள்ள அடுத்த பெயர்களுக்குப் பிரியும். இடங்கள் நிரம்பும்வரை இப்படிச் சுற்றுக்குப்பின் சுற்று நடக்கிறது. கடைசி இடத்தை வெல்பவர் பல சமயம் கோட்டாவைத் தொடாமலே, எஞ்சியவர் என்ற முறையில் உள்ளே வருகிறார்.

இந்த முறை கெர்ரி போன்ற இடத்தில் வேர்பிடித்ததற்குக் காரணம் எனக்குத் தெளிவாகவே தெரிகிறது. ஊர்க்காரர் தன் கட்சிக்கும் உண்மையாக இருக்கலாம், தன் ஊருக்கும் உண்மையாக இருக்கலாம். கட்சி, "எங்கள் முதல் வேட்பாளருக்கு 1, இரண்டாமவருக்கு 2" என்று துண்டறிக்கை கொடுக்கும். வாக்காளர் 1-ஐக் கட்சிக்காரருக்குக் கொடுத்துவிட்டு, 2-ஐப் பக்கத்து ஊரின் சுயேச்சைக்குக் கொடுப்பார். யாரும் யாரையும் தோற்கடிக்கத் தேவையில்லாமல் இரண்டு பற்றும் ஒரே சீட்டில் அடங்குகின்றன. ஹீலி-ரே குடும்பம் கெர்ரியில் தலைமுறை தலைமுறையாக வென்றுவருவது இந்த மண்ணில்தான். ஜாக்கி ஹீலி-ரே 1997-இல் கட்சி வாய்ப்பு மறுத்தபின் சுயேச்சையாக நின்று நாடாளுமன்றம் போனார். 2019-இல் அவருடைய பேரப்பிள்ளைகள் மூவர் மூன்று வெவ்வேறு தேர்தல் பகுதிகளிலிருந்து கெர்ரி மன்றத்துக்கு வந்தார்கள்.

அயர்லாந்தின் உள்ளாட்சித் தேர்தலில் இந்த முறை முதலில் சோதிக்கப்பட்டதும் தலைநகரில் அல்ல. மேற்கே ஸ்லைகோ என்ற துறைமுக நகரில், 1919 ஜனவரி 15 அன்று. கடனில் மூழ்கிய அந்த நகராட்சியைக் காப்பாற்ற, சிறுபான்மையினருக்கும் இடம் கிடைக்கும் வழி தேடினார்கள். 24 இடங்களில் வரி செலுத்துவோர் சங்கத்துக்கு 8, ஷின் ஃபெய்ன் என்ற தேசியவாதக் கட்சிக்கு 7, தொழிலாளர் தரப்புக்கு 5 என்று கிடைத்தன. எந்த ஒரு தரப்பும் மன்றத்தை முழுதாக விழுங்கவில்லை. அதே ஆண்டு நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது. 1920-இல் ஜனவரியில் நகரங்களும் ஜூனில் கவுண்டி மன்றங்களும் இந்த முறையில் வாக்களித்தன. பிற்பாடு 1959-இலும் 1968-இலும் நாடாளுமன்றத் தேர்தலில் இதை ஒழித்துவிட்டு, அதிக வாக்கு வாங்கியவரே வென்றார் என்ற முறையைக் கொண்டுவர அரசாங்கம் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தியது. இரண்டு தடவையும் மக்கள் மறுத்தார்கள். இரண்டாவது தடவை பத்துக்கு ஆறு பேர். மக்கள் தாங்களே காப்பாற்றிக்கொண்ட முறை இது. அதில் ஒரு வாக்காளரின் எண் படிக்கப்படாமல் போவது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

மே 23, 2014

அன்று லிஸ்டோவல் பகுதி வாக்காளர்கள் இரண்டு தேர்தல்களில் வாக்களித்தார்கள். ஒன்று ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு, இன்னொன்று கவுண்டி மன்றத்துக்கு. வாக்குச்சாவடியில் பெயரைச் சரிபார்த்ததும் ஊழியர் இரண்டு சீட்டுகளிலும் முத்திரை குத்தி, இரண்டையும் சேர்த்தே கையில் கொடுப்பார். மறைப்புக்குள் போனால் ஒரு பலகை, நூலில் கட்டிய பென்சில், கையில் இரண்டு நீளச் சீட்டுகள்.

சிலர் ஐரோப்பியச் சீட்டில் 1, 2, 3 என்று போட்டார்கள். பிறகு உள்ளாட்சிச் சீட்டை எடுத்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்: 4, 5, 6. ஐரோப்பியச் சீட்டில் இரண்டோடு நிறுத்தியவர்கள் 3, 4, 5 என்று தொடர்ந்தார்கள்.

இதை அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரே நேரத்தில் கொடுக்கப்பட்ட இரண்டு தாள்களை ஒரே கேள்வித்தாளின் இரண்டு பக்கங்களாக நினைப்பது மனித இயல்பு. அலட்சியமான வாக்காளர் ஒரு பெருக்கல் குறியைப் போட்டுவிட்டுப் போய்விடுவார். மூன்று பெயர்களைத் தேர்ந்து, வரிசைப்படுத்தி, எண்ணைத் தவறவிடாமல் தொடர்ந்தவர் அக்கறையுள்ளவர்.

மறுநாள் எண்ணும் மையம். அயர்லாந்தின் தேர்தல் எண்ணிக்கை பார்க்க வேண்டிய காட்சி. மேசைகளுக்கு முன்னே இடுப்பளவு தடுப்பு. அந்தப் பக்கம் ஊழியர்கள் பெட்டியைக் கவிழ்த்து, சீட்டுகளை வகைபிரித்து, முகம் மேலே தெரியும்படி விரித்து அடுக்குகிறார்கள். இந்தப் பக்கம் கட்சிகளின் ஆட்கள் தடுப்பில் முழங்கையை ஊன்றி, கையில் பலகையும் பென்சிலும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சீட்டும் விரியும் அந்த ஒரு நொடியில் 1 எங்கே இருக்கிறது என்று பார்த்துக் கோடு போடுகிறார்கள். நான்கு கோடு, குறுக்கே ஐந்தாவது. இதற்கு டாலி என்று பெயர். ஒருவரே எல்லாப் பெட்டிகளையும் பார்க்க முடியாது. அதனால் தேர்தல்வரை மோதிக்கொண்ட கட்சிகள் இங்கே பெட்டிகளைப் பங்குபோட்டுக்கொண்டு, கணக்கைப் பரிமாறிக்கொள்கின்றன. அதிகாரி முதல் சுற்றை அறிவிப்பதற்கு வெகுநேரம் முன்பே, எந்த வாக்குச்சாவடியில் யாருக்கு எவ்வளவு, எந்தச் சாலை கைவிட்டது என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

அந்தக் கண்களுக்கு முன்னால்தான் 1 இல்லாத சீட்டுகள் விரிந்தன. தேர்தல் நடத்தும் அதிகாரிகளுக்கு அரசுத் துறை அனுப்பியிருந்த வழிகாட்டுக் குறிப்பு, இரண்டு வாக்கெடுப்புகள் ஒரே நாளில் நடக்கும்போது இப்படித் தொடர் எண்கள் வந்தால், அவற்றில் மிகச் சிறிய எண்ணை முதல் விருப்பமாகக் கொள்ளலாம் என்றது. கெர்ரியில் அப்படியே எண்ணினார்கள். 4 என்பது 1 ஆனது, 5 என்பது 2 ஆனது.

டார்பர்ட்காரரான முன்னாள் மேலவை உறுப்பினர் டான் கைலி சுயேச்சையாக நின்றிருந்தார். அவர் இரண்டு வாக்குகள் குறைந்து இடத்தை இழந்தார்.

வழக்கு

உள்ளாட்சித் தேர்தல் முடிவை எதிர்க்க 1974-ஆம் ஆண்டுச் சட்டம் வழி வைத்திருக்கிறது: சர்க்யூட் நீதிமன்றம் என்ற கீழ் நீதிமன்றத்தில் மனு. கைலி மனு செய்தார். அங்கே வெற்றி கிடைக்கவில்லை. சட்டக் கேள்வி என்ற அளவில் அது உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

கேள்வி ஒரு வாக்கியத்தைச் சுற்றியது. 1995-ஆம் ஆண்டின் உள்ளாட்சித் தேர்தல் விதிகளின்படி, சீட்டில் 1 என்ற எண்ணோ, ஒன்று என்ற சொல்லோ, முதல் விருப்பத்தைத் தெளிவாகக் காட்டுவதாக அதிகாரி கருதும் வேறு குறியோ இருக்க வேண்டும். இல்லையென்றால் அது செல்லாது. 4 என்ற எண் முதல் விருப்பத்தைத் தெளிவாகக் காட்டுகிறதா?

உச்ச நீதிமன்றம் இல்லை என்றது. 1 இல்லாத அந்தத் தொடர் எண் சீட்டுகளைச் செல்லும் வாக்குகளாக எண்ணியது தவறு என்று முடிவானது. வழிகாட்டுக் குறிப்பு சட்டத்தோடு ஒத்துப்போகவில்லை. மறுபடி எண்ண வேண்டும் என்றானது.

தீர்ப்பின் தர்க்கத்தை நான் நெடுநேரம் எதிர்த்துப் பார்த்தேன். அதை உடைக்க முடியவில்லை. அதிகாரியின் முன்னால் இருப்பது ஒரே ஒரு சீட்டு. அதே வாக்காளரின் ஐரோப்பியச் சீட்டு வேறு அடுக்கில், வேறு மேசையில், ஆயிரக்கணக்கானவற்றோடு கலந்து கிடக்கிறது. வாக்கு இரகசியமானது என்பதால் இரண்டையும் பொருத்திப் பார்க்கவே முடியாது, பார்க்கவும் கூடாது. அப்படியிருக்க, இவர் ஐரோப்பியச் சீட்டில் மூன்று எண்களைப் போட்டுவிட்டு இங்கே தொடர்ந்தார் என்பது ஊகம். நியாயமான ஊகம், பெரும்பாலும் சரியாகவே இருக்கக்கூடிய ஊகம். ஆனாலும் ஊகம்தான். ஓர் அதிகாரி ஊகிக்கத் தொடங்கினால் அடுத்த கவுண்டியின் அதிகாரி வேறுவிதமாக ஊகிப்பார். இரண்டு வாக்குகளில் முடிவாகும் இடத்தில் அந்த வேறுபாடே ஒரு மன்ற உறுப்பினரை உருவாக்கிவிடும்.

இருந்தாலும் ஒன்று உறுத்துகிறது. சீட்டில் ஒரே ஒரு பெருக்கல் குறியைப் போட்டவரின் வாக்கு, "வேறு குறி" என்ற சொற்களின் வழியாக உள்ளே வந்துவிடும். மூன்று பேரை யோசித்து வரிசைப்படுத்தியவரின் வாக்கு வெளியே போய்விடும். விதியின் எழுத்துப்படி இரண்டும் சரி. வாக்காளரின் பக்கம் நின்று பார்த்தால், முறை எதைக் கேட்டதோ அதை அதிகமாகச் செய்தவரே தண்டிக்கப்படுகிறார். இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொன்றும் உண்டு: ஊழியர் முத்திரை குத்த மறந்த சீட்டும் செல்லாது. அங்கே வாக்காளர் எந்தத் தவறும் செய்யவில்லை. ஆனாலும் போவது அவருடைய வாக்குதான்.

கைலிக்கு அந்த இடம் கடைசிவரை கிடைக்கவில்லை. வழக்கில் வென்றார், தேர்தலில் வெல்லவில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்விக்கான பதில் லிஸ்டோவலோடு நிற்கவில்லை. நாட்டின் ஒவ்வொரு எண்ணும் மையத்திலும் அது இன்று விதி.

மேலே இருக்கும் சீட்டுகள்

இரண்டு வாக்கு என்ற இடைவெளியைப் பற்றிப் பேசும்போது, வழக்கில் எழாத வேறொன்றையும் இங்கே பேசாமல் விட முடியாது. மேலே சொன்ன கற்பனைக் கணக்குக்குத் திரும்புவோம். 1,200 சீட்டுகள் கொண்ட கட்டிலிருந்து 218 சீட்டுகளை நகர்த்த வேண்டும். எந்த 218?

அயர்லாந்தின் நாடாளுமன்றக் கீழவை, உள்ளாட்சித் தேர்தல்களில் பதில் இது: கட்டின் மேலே இருக்கும் 218. கடைசியாக வைக்கப்பட்டவை எவையோ அவை. எண்ணத் தொடங்குமுன் சீட்டுகளை நன்றாகக் கலந்துவிடுவதால் இது ஒரு மாதிரி எடுப்பு போன்றது. பெரும்பாலும் மொத்தத்தைப் பிரதிபலிக்கும். ஆனால் அந்த 218 சீட்டுகளில் மூன்றாவது விருப்பம் யாருக்கு என்பது, கீழே தங்கிவிட்ட 982 சீட்டுகளில் உள்ளதைவிடச் சற்று மாறியிருக்கலாம். அந்த 218-ஐப் பெற்றவர் பின்னர் நீக்கப்பட்டால், நகர்வது இந்த 218-இல் எழுதியுள்ள பெயர்களே. கீழே தங்கியவற்றின் பேச்சு அத்தோடு முடிந்தது. இரண்டு, மூன்று வாக்குகளில் யாரோ ஒருவர் வெளியேறும் சுற்றில் இந்தக் கலப்பின் தற்செயலே முடிவைத் தொட்டுவிடக்கூடும்.

இதற்கு மாற்று உண்டு. எல்லா 2,200 சீட்டுகளையும் பின்ன மதிப்பில் நகர்த்தலாம். அயர்லாந்தின் மேலவைத் தேர்தலில் அப்படித்தான் எண்ணுகிறார்கள். வட அயர்லாந்திலும், 2007 முதல் ஸ்காட்லாந்தின் உள்ளாட்சித் தேர்தல்களிலும் பின்னக் கணக்குதான். ஸ்காட்லாந்தில் எண்ணுவது இயந்திரம். அயர்லாந்தும் 2004 உள்ளாட்சி, ஐரோப்பியத் தேர்தல்களுக்கென்று மின்னணு இயந்திரங்களை வாங்கியது. 5 கோடி யூரோவுக்கு மேல் செலவு. பாதுகாப்பைப் பற்றி ஐயம் எழுந்ததால் தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பு திட்டம் நின்றது. 2009-இல் முழுதாகக் கைவிடப்பட்டது. 2012-இல் அவை பழைய இரும்பாகப் போயின. அன்றிலிருந்து இயந்திரம் என்ற சொல்லையே அங்கே யாரும் விரும்புவதில்லை. எனக்கும் தடுப்பில் முழங்கை ஊன்றி நிற்கும் அந்த மனிதர்களை இழக்க விருப்பமில்லை. ஆனால் பின்னக் கணக்குக்கு இயந்திரம் தேவையில்லை. மேலவைக்குக் கையாலேயே அதைச் செய்கிறார்கள். ஆயிரக்கணக்கான சீட்டுகள் என்றால் நேரம் கூடும், ஊழியர் கூடுவார்கள். அந்த விலையைக் கொடுக்கலாம் என்பதே என் எண்ணம்.

தேர்தல் பகுதியின் பருமனும் வாக்கின் எடையை மாற்றுகிறது. 2014-இல் தெற்கு, மேற்குக் கெர்ரி முழுவதும் 9 இடங்கள் கொண்ட ஒரே பகுதி. அங்கே கோட்டா பத்து சதவீதத்தைச் சற்றே தாண்டும். சிறு குழுவுக்கும் ஓர் இடம் கிடைக்கும். ஆனால் உறுப்பினர் ஒரு தீபகற்பத்திலிருந்து இன்னொன்றுக்கு விரிகுடாவைச் சுற்றிக் கார் ஓட்ட வேண்டும். 2019-இல் எல்லைகளை மாற்றியபோது, ஐரிஷ் மொழி இன்றும் வீட்டில் பேசப்படும் ஊர்களைக் கொண்ட கோர்கா டீவ்னா தீபகற்பம் 3 இடங்களோடு தனிப் பகுதியானது. உறுப்பினர் ஊருக்கு அருகில் வந்தார். கோட்டா நான்கில் ஒரு பங்குக்கு ஏறியது. லிஸ்டோவல் 6 இடங்களானது. அருகாமையையும் விகிதாசாரத்தையும் ஒரே சமயத்தில் முழுதாக வாங்க முடியாது என்பதைக் கெர்ரியின் வரைபடத்தை வைத்தே விளக்கிவிடலாம்.

இரண்டு சீட்டுகளோடு மறுபடியும்

தீர்ப்புக்குப் பிறகு இரண்டு உள்ளாட்சித் தேர்தல்கள் நடந்துவிட்டன. 2019 மே 24 அன்று ஐரோப்பியத் தேர்தலோடு மணவிலக்கு பற்றிய அரசியலமைப்பு வாக்கெடுப்பும் சேர்ந்துகொண்டது. லிஸ்டோவல் வாக்காளரின் கையில் மூன்று தாள்கள்: இரண்டில் எண் போட வேண்டும், ஒன்றில் பெருக்கல் குறி. 2024 ஜூன் 7 அன்று மறுபடி ஐரோப்பியத் தேர்தலும் உள்ளாட்சியும் சேர்ந்தே வந்தன. பக்கத்துக் கவுண்டியான லிமரிக்கில் மக்கள் நேரடியாக மேயரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலும் அதே நாளில் நடந்ததால், அங்கே எண் போட வேண்டிய சீட்டுகளே மூன்று.

1999-இல் சேர்க்கப்பட்ட அரசியலமைப்புப் பிரிவின்படி உள்ளாட்சித் தேர்தல், முந்தைய தேர்தல் நடந்த ஆண்டுக்குப் பின் ஐந்தாம் ஆண்டு முடிவதற்குள் நடந்தாக வேண்டும். அதற்கு முன் அரசாங்கங்கள் விருப்பம்போல் தள்ளிப்போட்டன. 1991-க்கு அடுத்த கவுண்டி மன்றத் தேர்தல் 1999-இல்தான் நடந்தது. ஐரோப்பியத் தேர்தலும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை. செலவு மிச்சம், வருகை கூடும் என்பதற்காக இரண்டையும் ஒரே நாளில் வைப்பது வழக்கமாகிவிட்டது. அது நல்ல வழக்கமே. ஆனால் லிஸ்டோவலின் குழப்பம் பிறந்த இடமும் அதுதான். நீதிமன்றம் சீட்டை எப்படிப் படிக்க வேண்டும் என்பதைத் தீர்த்தது. எழுதுகிறவருக்கு அதைச் சொல்லிக்கொடுப்பது நீதிமன்றத்தின் வேலை அல்ல.

2023-இல் அயர்லாந்துக்கு முதல் முறையாகத் தனித் தேர்தல் ஆணையம் வந்திருக்கிறது. வாக்காளர் விழிப்புணர்வு அதன் பொறுப்புகளில் ஒன்று. 2029-இல் இரண்டு தேர்தல்களும் மறுபடி ஒரே ஆண்டில் வருகின்றன. விளம்பரமும் சுவரொட்டியும் இருக்கட்டும். நான் கேட்பது அதைவிடச் சிறியது. சாவடியில் முத்திரை குத்திச் சீட்டுகளை நீட்டும் ஊழியர், முதல் சீட்டைக் கொடுக்கும்போது, "இதில் ஒன்றிலிருந்து தொடங்குங்கள்" என்று சொல்ல வேண்டும். இரண்டாவது சீட்டைக் கொடுக்கும்போது, "இதிலும் ஒன்றிலிருந்து."